அண்ணியிடம் கட்டிய பந்தயம்: 64 நாளில் எழும்பிய மாளிகை

பாரிஸ் நகரத்தின் மேற்குப் புறத்தில் புலோன் வனம் என்று ஒரு காடு உண்டு. முற்காலத்தில் அது பிரெஞ்சு மன்னர்கள் வேட்டையாடும் இடமாக இருந்தது. இன்று நகர மக்கள் காற்று வாங்கப் போகும் இடம். அந்த வனத்தின் ஓர் ஓரத்தில், மதில் சூழ்ந்த பூங்காவுக்கு நடுவே, வெள்ளைக் கல்லால் ஆன சிறிய மாளிகை ஒன்று நிற்கிறது. அதன் பெயர் பகடேல்.

பிரெஞ்சு மொழியில் 'பகடேல்' என்றால் அற்ப விஷயம், விளையாட்டுச் சாமான் என்று அர்த்தம். பலகையில் ஆணி அடித்து, சிறு குண்டுகளைக் கோலால் தள்ளிக் குழியில் விழச் செய்யும் விளையாட்டு ஒன்று நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கும் பகடேல் என்றுதான் பெயர். இந்த மாளிகையின் பெயரே அந்த விளையாட்டுக்கு வந்தது என்று சொல்வதுண்டு.

பெயர் அற்பந்தான். ஆனால் அதன் வரலாறு அற்பமானதல்ல. ஓர் இளவரசனின் வீம்புக்காக எழுந்த வீடு, அந்த இளவரசனின் அரச பதவியையும், அவன் வமிசத்தின் ஆட்சியையும், பிறகு வந்த ஒரு சக்கரவர்த்தியின் வாழ்வையும் தாண்டி நிலைத்து நிற்கிறது.

கொழுந்தனின் வீம்பு

1777-ஆம் ஆண்டு. பிரான்ஸில் பதினாறாம் லூயி அரசு செலுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 23. ராணி மேரி ஆன்டாய்னெட்டுக்கு 22 கூட நிறையவில்லை. அரசரின் கடைசித் தம்பி ஆர்த்துவா கோமகன். அவனுக்கு இன்னும் இருபது பிறக்கவில்லை. நல்ல அழகன், பேச்சில் வல்லவன், செலவாளி. குதிரைப் பந்தயம், சூதாட்டம், நாட்டியம், நாடகம் ஆகியவற்றிலேயே அவன் பொழுது கழிந்தது. அண்ணியாருக்கும் கேளிக்கையில் பிரியம் அதிகம். ஆகவே அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நல்ல சிநேகம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1775-இல், ஆர்த்துவா புலோன் வனத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தான். 1720-ஆம் ஆண்டு வாக்கில் எஸ்த்ரே என்ற படைத் தலைவர் கட்டிய உல்லாச விடுதி அது. ஆனால் அவன் வாங்கும்போது சுவர்களெல்லாம் சிதிலமாகிக் கிடந்தன. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது அவன் எண்ணம்.

ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் அரச குடும்பம் பொந்தேன்புளோ அரண்மனைக்கு வேட்டைக்குப் போவது வழக்கம். அந்த ஆண்டு புறப்படுமுன் பழைய வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "நீங்கள் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் புது மாளிகை நிற்கும். அதில் உங்களுக்கே விருந்து வைக்கிறேன்!" என்ற பொருளில் கொழுந்தன் சவால் விட்டான். நடக்காது என்றார் ராணி. பந்தயம் ஒரு லட்சம் லீவர் என்று சொல்வார்கள். லீவர் என்பது அந்நாளைய பிரெஞ்சு நாணயம்.

லட்சம் லீவர் எவ்வளவு பெரிய தொகை? பாரிஸில் நாளெல்லாம் கல் சுமந்த கூலியாளுக்கு ஒன்று அல்லது இரண்டு லீவர் கிடைத்தால் அதிகம். நாளுக்கு இரண்டு லீவர் வீதம் ஆண்டில் 300 நாள் உழைத்தாலும், அந்த ஒரு லட்சத்தைச் சம்பாதிக்க அவனுக்கு 166 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

வழிமறித்துப் பிடித்த வண்டிகள்

இளவரசனுடைய கட்டடக் கலைஞர் பிரான்ஸ்வா ஜோசப் பெலாஞ்ஜே. வயது 33. பண்டைய ரோமானியக் கட்டடங்களில் ஈடுபாடு கொண்டவர். இங்கிலாந்து சென்று அங்குள்ள பிரபுக்களின் தோட்டங்களைப் பார்த்து வந்தவர். மாளிகைக்கான வரைபடத்தை அவர் இரண்டே நாளில் வரைந்து முடித்தார் என்பது கர்ணபரம்பரையாக வரும் செய்தி.

செப்டம்பர் மாதம் மூன்றாவது வாரத்தில் வேலை தொடங்கியது. 900 ஆட்கள் இரவு பகலாக உழைத்தார்கள். அறுபத்து நாலு நாளில் மாளிகை எழுந்து நின்றது. கொழுந்தன் ஜெயித்தான், அண்ணி தோற்றார்.

ஆனால் எப்படி ஜெயித்தான்?

அப்போது பிரெஞ்சு அரசவையில் ஆஸ்திரியாவின் தூதராக இருந்தவர் மெர்ஸி பிரபு. மேரி ஆன்டாய்னெட்டின் தாயார் ஆஸ்திரியச் சக்கரவர்த்தினி மரியா தெரஸா. மகள் பிரான்ஸில் எப்படி நடந்துகொள்கிறாள் என்பதை அந்தத் தாய்க்கு ஒளிவு மறைவின்றி எழுதி அனுப்புவது மெர்ஸியின் கடமைகளில் ஒன்று. பகடேல் விவகாரத்தையும் அவர் எழுதியிருக்கிறார்.

வேலை வேகமாக நடந்ததில் செதுக்கிய கல்லும், சுண்ணாம்பும், சாந்தும் தட்டுப்பட்டன. தேடிப் பிடித்து வாங்க அவகாசமில்லை. இளவரசன் என்ன செய்தான் தெரியுமா? தன் வசமிருந்த ஸ்விஸ் காவற்படை வீரர்களை நெடுஞ்சாலைகளுக்கு அனுப்பினான். கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிக்கொண்டு பாரிஸை நோக்கி வரும் வண்டிகளை அவர்கள் மறித்தார்கள். மாடும் குதிரையும் பகடேல் பக்கம் திருப்பிவிடப்பட்டன.

சரக்குக்கு உரிய விலையை அங்கேயே கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சரக்கு வேறு யாருக்கோ விற்கப்பட்ட சரக்கு. வீட்டுக்குக் கூரை போடக் காத்திருந்தவன் எவனோ, சுவர் எழுப்பக் காத்திருந்தவன் எவனோ! அவர்கள் வேலையெல்லாம் நின்றது. இது பலாத்காரமேயன்றி வேறல்ல என்று ஜனங்கள் கொதித்தார்கள். மெர்ஸியின் கடிதம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

கணக்குப் பார்த்தால் பந்தயத்தில் ஜெயித்தவனும் ஜெயிக்கவில்லை. 900 பேருக்கு 64 நாளைக்கு நாளொன்றுக்கு இரண்டு லீவர் கூலி என்றாலே 1,15,200 லீவர் ஆகிறது. பந்தயப் பணம் கூலிக்கே காணாது. கல், மரம், கண்ணாடி, ஓவியம், தோட்டம் எல்லாம் சேர்ந்து செலவு 12 லட்சம் லீவருக்குக் குறையவில்லை. ஒரு லட்சம் ஜெயிக்கப் பன்னிரண்டு லட்சம்! பணம் யாருடையது? இளவரசனின் கடன்களைப் பின்னால் அரசரே அடைக்க வேண்டியிருந்தது. அரசரின் கஜானாவை நிரப்பியவர்கள் வரி கொடுத்த குடியானவர்கள்.

சிறியது, ஆனால் ஏற்றது

செலவை மறந்துவிட்டுக் கட்டடத்தைப் பார்த்தால், அது ஒரு கலைச் செல்வம் என்பதில் ஐயமில்லை.

அதற்கு முந்திய தலைமுறையில் பிரெஞ்சு மாளிகைகளில் எங்கும் வளைவும் நெளிவும்தான். சிப்பி, கொடி, பூ, அலை என்று சுவரெல்லாம் சுழித்து ஓடும். அந்தப் பாணி மக்களுக்குச் சலித்துக்கொண்டிருந்த சமயத்தில் இத்தாலியிலிருந்து வியப்பான செய்திகள் வந்தன. எரிமலைச் சாம்பலில் புதைந்துபோயிருந்த ஹெர்குலேனியம், பாம்ப்பி என்ற ரோமானிய நகரங்களை வெட்டியெடுக்கத் தொடங்கினார்கள். முன்னதில் 1738-லும் பின்னதில் 1748-லும் வேலை ஆரம்பமாயிற்று. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முந்திய வீடுகள், வர்ணம் மங்காத சுவர்ச் சித்திரங்களோடு வெளிப்பட்டன. கலைஞர்களின் கண் திறந்தது. நேர்க்கோடு, அளவான தூண், சம எடை, அடக்கமான அலங்காரம் என்று பழைய கிரேக்க, ரோமானிய முறைக்குத் திரும்பினார்கள். இதைத்தான் புதுச் செவ்வியல் பாணி என்கிறோம்.

பகடேல் அந்தப் பாணியின் நல்ல உதாரணம். வாசல் புறத்திலிருந்து பார்த்தால் நேர்க்கோடுகளால் ஆன எளிய முகப்பு. தோட்டத்துப் பக்கம் போனால் நடுப்பகுதி அரைவட்டமாக முன்னே தள்ளி நிற்கிறது. அதற்கு மேலே குவிமாடம். உள்ளே அந்த இடந்தான் வட்டமான பெரிய கூடம். அதைச் சுற்றிச் சாப்பாட்டு அறை, பில்லியர்டு ஆடும் அறை, ஸ்நான அறை, ஒப்பனை அறை ஆகியவை அமைந்திருந்தன. வாசலுக்கு மேல் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. 'சிறியது, ஆனால் ஏற்றது' என்பது அதன் பொருள்.

கூடத்துச் சுவர்களில் ரோமானியர் பாணியில் மெல்லிய கொடிகளும், பூக்கூடைகளும், கற்பனை உருவங்களும் சுதையில் செய்யப்பட்டிருக்கின்றன. ஸ்நான அறைக்கு யூபேர் ரொபேர் என்ற புகழ்பெற்ற ஓவியர் ஆறு படங்கள் தீட்டினார். பாழடைந்த கோயில்களையும் அருவிகளையும் வரைவதில் அவர் நிபுணர். அந்த ஆறு படங்களும் இன்று அமெரிக்காவில், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது இளவரசனின் படுக்கையறை. அதைப் போர்க்களத்துக் கூடாரம்போல அமைத்திருந்தார்கள். சுவரெங்கும் துணி தொங்கியது. கணப்பு அடுப்பின் இரு பக்கத்துக்கும் பீரங்கிக் குழாய்களை நிமிர்த்தி வைத்ததுபோன்ற தூண்கள்! அறைக்குச் சொந்தக்காரன் அதுவரை ஒரு போர்க்களத்தையும் கண்ணால் கண்டவனல்ல என்பதுதான் இதில் வேடிக்கை.

அறுபத்து நாலு நாளில் எழுந்தது மாளிகைதான். மேஜை நாற்காலிகளும், சித்திரங்களும், தோட்டமும் நிறைவு பெறப் பல ஆண்டுகள் பிடித்தன.

தோட்டக்காரரின் நாட்குறிப்பு

தோட்டம் போட வந்தவர் தாமஸ் பிளெய்க்கி. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே பிறந்தவர். ஆல்ப்ஸ் மலையில் ஏறி இறங்கி அரிய செடிகளைச் சேகரித்தவர். பிரெஞ்சுக்காரர் தோட்டமென்றால் கோலம் போட்டதுபோல நேர்நேராகப் பாத்தி கட்டுவார்கள். பிளெய்க்கியோ ஆங்கிலேய முறையில் தோட்டம் அமைத்தார். வளைந்து வளைந்து போகும் பாதை, ஓடை, செயற்கைப் பாறை, அருவி, குகை என்று இயற்கையே செய்ததுபோல அமைப்பது அந்த முறை.

கட்டடக் கலைஞருக்கும் தோட்டக்காரருக்கும் அடிக்கடி சண்டை. எந்த மரம் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பாதை எப்படித் திரும்ப வேண்டும் என்று இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிளெய்க்கி நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அவர் இறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1931-இல், அந்த நாட்குறிப்பு புத்தகமாக வெளிவந்தது. பிரெஞ்சு அரச குடும்பத்தின் ஆடம்பரத்தை ஒரு தோட்டக்காரரின் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதைத்தான் புரட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே!

பந்தயம் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. கஜானா காலி. 1788-இல் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறைய பாதி, கடனுக்கு வட்டி கட்டவே போய்விட்டது. 1789 ஜூலை 14-ஆம் தேதி பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைத் தகர்த்தார்கள். இரண்டே மூன்று நாளில் ஆர்த்துவா நாட்டை விட்டு ஓடினான். வழிமறித்து வண்டியைப் பிடித்தவனுக்கு இப்போது வழியில் யார் பிடிப்பார்களோ என்ற அச்சம்!

1793-இல் அண்ணன் தலையும் அண்ணி தலையும் கொலை இயந்திரத்தில் விழுந்தன. ஆர்த்துவா ஊர் ஊராக அலைந்து, 1796-இல் எடின்பரோ போய்ச் சேர்ந்தான். தன் தோட்டக்காரர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே அவனுக்கு அடைக்கலம் கிடைத்தது. ஹோலிரூட் என்ற அரண்மனை வளாகத்தில் தங்க இடம் தந்தார்கள். அந்த வளாகத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்குள் இருப்பவரைக் கடன்காரர்கள் பிடித்துச் சிறையில் தள்ள முடியாது. வெளியே கால் வைத்தால் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டப்படி யாரையும் கடனுக்காகப் பிடிக்கக் கூடாது. ஆகவே, ஒரு லட்சம் லீவரை விளையாட்டாகப் பந்தயம் வைத்த இளவரசன், கடனுக்கு அஞ்சி ஆறு நாள் உள்ளே அடைந்து கிடந்து, ஏழாம் நாள் மட்டும் ஊரைப் பார்க்க வந்தான்.

கட்டடக் கலைஞர் பெலாஞ்ஜேயும் தப்பவில்லை. புரட்சியின் உச்சத்தில் சிறையில் கிடந்தார். நல்ல வேளையாகத் தலை தப்பியது. பின்னாளில் பாரிஸ் தானியச் சந்தைக்கு இரும்பினாலேயே பிரமாண்டமான குவிமாடம் அமைத்துப் பெயர் பெற்றார். 1818-இல் காலமானார்.

மாளிகைக்கு என்ன ஆயிற்று? அரச குடும்பத்துச் சொத்துக்களையெல்லாம் விற்றுக்கொண்டிருந்த புரட்சி அரசு, 1794-இல் ஒரு தீர்மானம் போட்டது. வெர்சேல்ஸ் முதலான சில இடங்களை விற்காமல் மக்களின் இன்பத்துக்காகக் காப்பாற்றுவது என்பது தீர்மானம். அந்தப் பட்டியலில் பகடேலும் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது கைமாறி, உணவு விடுதியாயிற்று. இளவரசன் உலாவிய கூடத்தில் காசு கொடுத்தவர்களெல்லாம் சாப்பிட்டார்கள், நடனமாடினார்கள்.

1806-இல் நெப்போலியன் அதை வாங்கினார். அவர் மகனான 'ரோம் அரசன்' அந்தத் தோட்டத்தில் விளையாடினான். நெப்போலியன் வீழ்ந்தார். ஆர்த்துவா நாடு திரும்பி, மாளிகையைத் தன் மகன் பெரி கோமகனுக்குக் கொடுத்தார். 1820-இல் அந்த மகன் நாடகசாலை வாசலில் கத்திக் குத்துக்கு இரையானான். 1824-இல் ஆர்த்துவாவே பத்தாம் சார்லஸ் என்ற பெயருடன் அரியணை ஏறினார். காலம் மாறியதை அவர் உணரவில்லை. 1830 ஜூலையில் மீண்டும் புரட்சி வெடித்தது. முடி துறந்து மறுபடியும் அதே ஹோலிரூடுக்கே போனார். 1836-இல் இத்தாலியின் எல்லையிலுள்ள கோரிட்ஸியாவில் காலரா கண்டு இறந்தார். பிரெஞ்சு மண்ணில் ஆறடி நிலங்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

தண்ணீர் தந்த தனவந்தர்

1835-இல் பகடேலை வாங்கியவர் ஓர் ஆங்கிலேயர். பின்னாளில் நான்காம் ஹெர்ட்போர்டு பிரபு ஆனவர். கோடீசுவரர், பிரம்மசாரி. படமும் சிற்பமும் வாங்கிக் குவிப்பதே அவர் வேலை. 1870-இல் பகடேலிலேயே இறந்தார். சொத்தில் பெரும்பகுதி அவருடைய காரியதரிசியாக இருந்த ரிச்சர்டு வாலஸுக்குப் போயிற்று. வாலஸ் அவருக்கு மணமின்றிப் பிறந்த மகன் என்பது அக்காலத்து ஊர்ப் பேச்சு.

வாலஸ் கைக்குச் சொத்து வந்த சில வாரங்களில் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டது. பணமுள்ளவர்கள் ஓடினார்கள். வாலஸ் ஓடவில்லை. நகரத்துக்குள்ளேயே இருந்து காயமுற்றோருக்கு ஆஸ்பத்திரி வைத்தார், பசித்தோருக்கு உதவினார். போர் ஓய்ந்தபோது நகரத்தில் குடிதண்ணீருக்குப் பஞ்சம், விலையும் அதிகம். ஏழைகளுக்குத் தண்ணீரைவிட மதுவே மலிவாகக் கிடைத்தது. 1872-இல் வாலஸ் தம் செலவில் 50 குடிநீர் ஊற்றுகளை வார்ப்பு இரும்பில் செய்து தெருக்களில் வைக்க ஏற்பாடு செய்தார். நான்கு பெண் சிலைகள் ஒரு சிறு குவிமாடத்தைத் தாங்கி நிற்க, நடுவே நீர் ஒழுகும். அருகில் சங்கிலியில் கட்டிய தகரக் குவளை. 1952-இல் சுகாதாரம் கருதிக் குவளைகளை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் இன்றும் வருகிறது.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவனை நம் ஊரில் எப்படி வாழ்த்துவார்கள்! அதுபோலப் பாரிஸ் மக்கள் அந்த ஊற்றுகளுக்கு 'வாலஸ்' என்றே பெயர் சொல்லிவிட்டார்கள்.

அந்த வள்ளலும் மாளிகைக்கு ஒரு குறை செய்தார். மேலே இடம் போதவில்லை என்று மேல்மாடியையும் குவிமாடத்தையும் உயர்த்தினார். பெலாஞ்ஜே வகுத்த அளவு அதனால் கெட்டது என்பது கலை அறிந்தவர்களின் வருத்தம். 1890-இல் வாலஸ் இதே பகடேலில் காலமானார். அவர் மனைவி 1897-இல் இறந்தபோது லண்டனில் இருந்த கலைப்பொருள்களை நாட்டுக்கு எழுதி வைத்தார். அதுதான் இன்று வாலஸ் கலைக்கூடம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

ரோஜாவின் ராஜ்யம்

1905-இல் பாரிஸ் நகராட்சி பகடேலை விலைக்கு வாங்கியது. நகரத் தோட்டங்களின் அதிகாரி பொரெஸ்தியே அங்கே ரோஜாத் தோட்டம் அமைத்தார். 1907-இல் புது ரோஜா வகைகளுக்கான சர்வதேசப் போட்டி ஆரம்பமாயிற்று. உலகத்திலேயே இத்தகைய முதற்போட்டி இதுதான். பல நாட்டுத் தோட்டக்காரர்கள் தாங்கள் இனக்கலப்புச் செய்து உண்டாக்கிய ரோஜாக்களை இங்கே அனுப்புகிறார்கள். நிறம், மணம், நோய் தாங்கும் சக்தி எல்லாம் பார்த்துப் பரிசு தருகிறார்கள்.

மதிலுக்கு அப்பால் உள்ள பகடேல் மைதானத்துக்கும் ஒரு பெருமை உண்டு. 1906 அக்டோபர் 23-ஆம் தேதி, பிரேசில் நாட்டவரான சான்டோஸ் டுமாண்ட் தம் விமானத்தில் அங்கே சுமார் 60 மீட்டர் தூரம் பறந்தார். நவம்பர் 12-ஆம் தேதி 220 மீட்டர் பறந்து காட்டினார். ஐரோப்பா வாய்பிளந்து நின்றது.

இன்று பகடேல் பூங்காவில் மயில்கள் உலாவுகின்றன. ரோஜா பூக்கும் ஜூன் மாதத்தில் தாத்தாவும் பேரனும், கூலிக்காரனும் குமாஸ்தாவும் அங்கே நடக்கிறார்கள். 1777-இல் வழியில் மறிக்கப்பட்டு, கல்லையும் சுண்ணாம்பையும் பறிகொடுத்த வண்டிக்காரர்களின் பேரப் பிள்ளைகள் யாரேனும் அவர்களிடையே இருக்கலாம். அந்தக் கல் எங்கே போகவிருந்தது என்பது இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது கடைசியில் ஊருக்கே சொந்தமாகிவிட்டது.

'சிறியது, ஆனால் ஏற்றது' என்று வாசலில் பொறித்த வாசகம் அப்படியே இருக்கிறது. யாருக்கு ஏற்றது என்பதைக் கண்டுகொள்ளத்தான் 128 ஆண்டுகள் ஆயின.